திருகோணமலையில் ஒரு கந்தோர்: முழு ஏசியா, முழுக் காற்றோட்டமா, கலப்பா?

காணி கையில் இருக்கிறது. கடனும் சரிவந்துவிட்டது. படம் கீறுபவர் இரண்டு மாதிரிகளை மேசையில் விரித்திருக்கிறார். ஒன்றில் முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி, அறைக்கு அறை ஏசி. மற்றதில் ஓட்டுக்கூரை, விறாந்தை, பெரிய யன்னல்கள். நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் "ஏசி இல்லாத கந்தோருக்கு இந்தக் காலத்தில் யார் வேலைக்கு வருவார்கள்" என்கிறார்கள். மீதிப்பேருக்கு மின்சாரப் பட்டியலை நினைத்தாலே பயம். உவர்மலை, உப்புவெளி, அநுராதபுரச் சந்திப் பக்கங்களில் கட்டடம் எழுப்ப நினைக்கும் கூட்டுறவுச் சங்கத்தினரும் கணக்காளர்களும் தொண்டு நிறுவனத்தினரும் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்: 2,000 முதல் 6,000 சதுர அடி வரை, ஒன்று அல்லது இரண்டு மாடி, பகலில் மட்டும் இயங்கும் அலுவலகம். என் முடிவை முன்னமே சொல்லிவிடலாம். நம் ஊரில் பெரும்பாலானோருக்குச் சில அறைகளுக்கு மட்டும் ஏசி, மற்றவற்றுக்கு யன்னலும் மின்விசிறியும் என்ற கலப்பு முறைதான் பொருந்தும். ஆனால் அரைகுறையாகச் செய்த கலப்பு மற்ற இரண்டையும் விட மோசமானது. கூரையையும் மேற்குச் சுவரையும் தீர்மானிக்காமல் ஏசியைப் பற்றிப் பேசத் தொடங்கியவருக்கு மூன்றில் எதுவும் கைகொடுக்காது.

## எவற்றை வைத்து அளப்பது

வெயில். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.6 பாகையில் இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும் வளிமண்டலவியல் திணைக்களம் சூரியன் உச்சம் கொடுக்கும் ஊர்களை அறிவிக்குமே, அதில் நம் பக்கத்துக்குரிய நாட்கள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வரும். ஆகஸ்ட் கடைசியில் மீண்டும் ஒரு தடவை சூரியன் தலைக்கு நேரே நிற்கும். எனவே கட்டடத்தில் அதிக வெயில் வாங்குவது எந்தச் சுவரும் அல்ல, கூரைதான். இந்த இரண்டு உச்சங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு யன்னலுக்கு வெயில் வராது என்று எண்ணிக் கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நல்ல காலமாக, வடக்கையும் தெற்கையும் காப்பாற்றுவது எளிது. மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே 58 பாகை உயரத்தில் நிற்கும்போது, 1 மீற்றர் நீட்டிய தாழ்வாரம் சுவரில் 1.6 மீற்றர் ஆழத்துக்கு நிழல் விழுத்தும்.

மேற்கை அப்படிக் காப்பாற்ற முடியாது. மாலை நாலு மணிச் சூரியன் எந்தத் தாழ்வாரத்துக்கும் கீழாக நுழையும். அந்த நேரத்தில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 600 முதல் 700 வாற் வரை வெப்பம் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விட்டுவிடும். மேற்குப் பார்த்த 10 சதுர மீற்றர் கண்ணாடி, அதாவது ஏறத்தாழ 108 சதுர அடி, 5 கிலோவாற் அளவுக்கு வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. 18,000 பி.ரி.யூ. (ஏசியின் குளிர்விக்கும் பலத்தை அளக்கும் அலகு) ஏசி ஒன்றின் முழுப் பலமும் அந்தக் கண்ணாடிக்கே போய்விடும். உள்ளே இருக்கும் மனிதருக்குக் குளிர் மிஞ்சாது.

காற்று. இது நம் ஊருக்கே உரிய கணக்கு. கார்த்திகை தொடக்கம் தை, மாசி வரை கடலிலிருந்து வடகிழக்குக் காற்று மழையோடு வரும். அப்போது யன்னலைத் திறந்தால் சுகம், ஆனால் சாரல் அடிக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான். மேற்குப் பக்கமிருந்து தரைவழியாக உலர்ந்து சூடேறி வரும் காற்று அது, நண்பகலில் வெளியே 34, 35 பாகை இருக்கும். அந்த நேரத்தில் "காற்று வரட்டும்" என்று யன்னலைத் திறப்பவர் வெப்பத்தைத்தான் உள்ளே அழைக்கிறார். பின்னேரத்தில் கடற்காற்று திரும்பினால் கதை மாறும். ஆகவே கிழக்கே திறப்பும் மேற்கே அடைப்பும் என்பதே இந்த ஊருக்கான முதல் விதி. மேற்குச் சுவர் வெயில், கச்சான் இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்குகிறது. கழிவறை, படிக்கட்டு, களஞ்சியம், பழைய கோப்பறை எல்லாவற்றையும் அங்கே அடுக்குங்கள். மனிதர் உட்காரும் இடமல்ல அது.

வேலை. எத்தனை பேர், என்ன இயந்திரங்கள், பொதுமக்கள் நாள் முழுக்க வந்துபோகிறார்களா, கதவைச் சாத்திப் பேசவேண்டிய விடயங்கள் உண்டா என்பதைப் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரின் உடலே 100 வாற்றுக்கு மேல் வெப்பம் விடுகிறது.

உப்பு. கடலுக்கு முகம் கொடுத்த காணியில் இரும்பு எதுவாயினும் விரைவில் கறள் பிடிக்கும். (கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதானால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியையும் முதலில் விசாரியுங்கள். படம் கீறிய பிறகு அல்ல.)

மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டது. மின்சாரம் இல்லாமல் உங்கள் கட்டடத்துக்குள் எத்தனை மணித்தியாலம் இருக்கலாம் என்பது இனி ஓர் அளவுகோல்.

இருபது வருடச் செலவு. கட்டும் செலவு ஒரு தடவைதான். மின்சாரம், பழுது, மாற்றீடு எல்லாம் மாதாமாதம் வரும்.

## முதலாவது: முழுவதும் மூடிய ஏசிக் கட்டடம்

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூசி இல்லை, வீதிச் சத்தம் இல்லை, கச்சான் நண்பகலிலும் மூளை வேலை செய்யும். ஆய்வுகூடம், மருந்துக் களஞ்சியம், சேவர் அறை, கண்ணைக் குவித்துச் செய்யும் வரைகலை வேலை போன்றவற்றுக்கு இதுவே சரி. காணி குறுகலாக இருந்து, இரு பக்கமும் அயல்கட்டடச் சுவர் முட்டும் மத்திய வீதி போன்ற இடங்களில் வேறு வழியும் இல்லை.

மறைந்த செலவுகள் பல. வெளியே பொருத்தும் பெட்டியின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிக்கும். தகடு அரிந்தால் குளிர்ச்சி குறையும், மின்சாரம் கூடும், கடைசியில் வாயு கசியும். கசிவது சின்ன விடயமல்ல: காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டால் ஏசிகளில் நிரப்பும் ஆர்-32 வாயு 675 மடங்கும், ஆர்-410ஏ ஏறத்தாழ 2,090 மடங்கும் பூமியைச் சூடாக்கும். வாங்கும்போது ஆர்-32 உள்ளதை, தகட்டுக்கு அரிப்புக் காப்புப் பூச்சு உள்ளதைக் கேளுங்கள். வெளிப்பெட்டியைக் கடற்பக்கம் வைக்காமல் கட்டடத்தின் மறைவில் வையுங்கள். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவவும் வேண்டும்.

அடுத்தது சுத்தமான காற்று. நாம் சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. பத்துப் பேர் மூடிய அறையில் இருந்தால் மத்தியானத்துக்குப் பிறகு தூக்கமும் தலைவலியும் வருவதற்குச் சோறு மட்டும் காரணமல்ல. மூடிய கட்டடம் கட்டுபவர் வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தரும் காற்றாடிக்கும் குழாய்க்கும் சேர்த்தே காசு ஒதுக்க வேண்டும். பெரும்பாலான மதிப்பீடுகளில் இது இருப்பதில்லை. மாரிக்காலத்தில் வெள்ளி மாலை ஏசியை நிறுத்தித் திங்கள் காலை திறக்கும்போது கோப்புகளில் பூஞ்சணம் மணக்கும், அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். மின்சாரம் நின்றால் இந்தக் கட்டடத்தில் இருக்க முடியாது. ஆகவே ஜெனரேற்றரும் டீசலும் விருப்பத்துக்குரியவை அல்ல, கட்டாயம்.

இதையே தெரிவு செய்கிறவர்கள் தயவுசெய்து கண்ணாடி முகப்பை விட்டுவிடுங்கள். குளிர்நாடுகளில் கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் உள்ளே பிடித்துவைக்க அது உதவும். நமக்கு அது எதற்கு? சுவரில் நாலில் ஒரு பங்கு யன்னல் போதும், அதுவும் வடக்கிலும் தெற்கிலும். ஏசியை 26இல் வைத்து மேலே மின்விசிறி சுழன்றால் 23இல் வைத்த சுகமே கிடைக்கும். ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஏறத்தாழ 6% மின்சாரம் மிஞ்சும் என்பது இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

## இரண்டாவது: முழுக் காற்றோட்டக் கட்டடம்

டச்சு வளைகுடாக் கரையில் இன்று கடற்படை அருங்காட்சியகமாக இருக்கும் ஒல்லாந்தர் கால மாளிகைக்குள் ஒரு தடவை நண்பகலில் போய் நின்று பாருங்கள். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் செய்யும் வேலை உடம்புக்குத் தெரியும். பழையதை மட்டும் சொல்லவில்லை. கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1970களில் அரச ஈட்டு வங்கிக்காக வடிவமைத்த மாடிக் கட்டடமும் காற்றோட்டத்தை நம்பியே வரையப்பட்டது. மாடி என்றால் மூடித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போக வேண்டும். உயரம் 10 அடி என்றால், இரு பக்கமும் யன்னல் உள்ள மண்டபம் 45 அடி அகலம் வரை காற்று வாங்கும். ஒரு பக்கம் மட்டும் யன்னல் என்றால் 20, 25 அடிக்கு மேல் காற்றும் போகாது, வெளிச்சமும் போகாது. இதனால்தான் நடுவில் நடைபாதை வைத்து இருபுறமும் அறை பிரிக்கும் வழக்கமான திட்டம் காற்றோட்டத்தைக் கொல்கிறது. நீண்டு ஒடுங்கிய கட்டடம், கிழக்கு மேற்காகப் படுத்தபடி, ஓரத்தில் விறாந்தை: நம் முன்னோர் பள்ளிக்கூடங்களைக் கட்டிய அதே முறை. தடுப்புகளை 6 அடி உயரத்தோடு நிறுத்துங்கள்.

மின்சாரம் மிகக் குறைவு. 12,000 பி.ரி.யூ. ஏசி ஒன்று இழுக்கும் ஒரு கிலோவாற்றில் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட புதுவகை பி.எல்.டி.சி. மின்விசிறிகள் முப்பது சுழலும். அவை ஒவ்வொன்றும் 35 வாற்றுக்குள், பழையவை 70க்கு மேல். தலைக்கு மேல் நல்ல காற்று ஓடினால் உடம்பு 2, 3 பாகை குறைவாக உணரும். கச்சான் உலர்காற்று என்பதால் வியர்வை விரைவில் காய்ந்து அதுவும் கொஞ்சம் உதவும்.

ஆனாலும் ஆனி, ஆடி நண்பகல் 11 முதல் 3 மணி வரை இந்தக் கட்டடம் உங்களைச் சோதிக்கும். நம் இரவுகளும் 25 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. ஆகவே இரவுக் குளிரைச் சுவரில் சேமித்துப் பகலில் பயன்படுத்தலாம் என்று மலைநாட்டுக்காரர் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் பலிக்கும். நுளம்பு வலை இன்னொரு சிக்கல். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எடுத்த உயிர்களை மறக்க முடியாது, வலை வேண்டும். ஆனால் வலை காற்றில் கணிசமான பங்கை மறிக்கும். அதனால் யன்னலைக் கணக்கிட்டதை விடப் பெரிதாக்க வேண்டும். கணினிகளுக்குள் உப்பும் தூசியும் புகும், அவற்றின் ஆயுள் குறையும்.

அகன்ற தாழ்வாரத்துக்குப் புயல் ஆபத்தும் உண்டு. 2020 டிசம்பரில் புரேவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது நினைவிருக்கும். நீண்ட தாழ்வாரத்தைக் காற்று கீழிருந்து தூக்கும். விறாந்தைக் கூரையை முதன்மைக் கூரையோடு ஒரே துண்டாக நீட்டாமல் தனிக் கூரையாக, கீழே ஒரு படி இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். போனால் அது மட்டும் போகும்.

பொதுமக்கள் அதிகம் வரும் அலுவலகம், பயிற்சி மண்டபம், வெளிக்கள வேலைக்குப் போய்த் திரும்புவோரின் இடம், வளவு அகலமாக உள்ள சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கக் காணிகள்: இவற்றுக்கு இதுவே சிறந்தது.

## மூன்றாவது: கலப்பு

சில அறைகள் மட்டும் ஏசி, மற்றவை மின்விசிறியும் யன்னலும். அல்லது முழுக் கட்டடமும் பருவத்துக்குப் பருவம் மாறும்: மார்கழியிலிருந்து பங்குனி வரை திறந்தபடி, கோடையில் நண்பகல் சில மணித்தியாலம் மூடியபடி.

இந்த முறை எங்கே கெடுகிறது என்று சொன்னால்தான் எங்கே வெல்கிறது என்பது புரியும். முதலில் பணிப்பாளர் அறைக்கு மட்டும் ஏசி வரும். அடுத்த வருடம் கணக்குப் பகுதிக்கு. மூன்றாம் வருடம் எல்லா அறைகளுக்கும். ஆனால் அந்த அறைகளின் யன்னல்கள் சாத்தினாலும் இடைவெளி விடும் கண்ணாடிப் பட்டிகள், கதவின் மேலே காற்றுத் துவாரம், சீலிங்குக்கு மேலே திறந்த ஓட்டுக்கூரை. குளிர் முழுக்க வெளியே ஓடும், இயந்திரம் ஒரு நிமிடமும் ஓயாது. திறந்த கட்டடத்தின் ஒழுக்கும் மூடிய கட்டடத்தின் மின்சாரப் பட்டியலும் சேர்ந்து வரும். நம் நகரில் மின்சாரத்தை அதிகம் வீணாக்குபவை கண்ணாடி மாளிகைகள் அல்ல, இப்படிப்பட்ட கட்டடங்கள்தான் என்பது என் துணிபு.

தவிர்க்கும் வழி வரைபடத்திலேயே இருக்கிறது. ஏசி வரப்போகும் அறைகளை ஒன்றாக, கிழக்கு அல்லது வடக்கு மூலையில், நிழலுக்குள் கொத்தாக்குங்கள். அவற்றின் கூரைக்குக் கட்டாயம் வெப்பக்காப்பு. திறக்கும் யன்னல்கள் இறப்பர் விளிம்போடு இறுக்கமாகச் சாத்தக்கூடியவையாக இருக்க வேண்டும், பட்டி யன்னல் வேண்டாம். கதவு தானாகச் சாத்த வேண்டும். மற்றப் பகுதியிலும் என்றாவது ஒருநாள் ஏசி வரும் என்று எண்ணி, இப்போதே சாத்தக்கூடிய யன்னலாகவே போட்டுவிடுங்கள். பொதுமக்களுக்கான கருமபீடத்தை விறாந்தையோடு திறந்த பகுதியில் வையுங்கள். நாளுக்கு நூறு தடவை திறக்கும் கதவுக்குப் பின்னால் ஏசி வைப்பதில் பொருளில்லை. வரிசையில் நிற்கும் மூதூர் அம்மாவுக்கு அந்த விறாந்தையில் உட்கார ஒரு வாங்கும் நிழலும் கிடைக்கும். அலுவலர் குளிரில் இருக்க, வந்தவர் வெயிலில் நிற்கும் கட்டடத்தை எந்தப் பசுமைச் சான்றிதழும் நியாயப்படுத்தாது.

மறைந்த செலவு: யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். காலை எந்த யன்னல், நண்பகல் எது சாத்துவது, எப்போது ஏசி என்பதை ஓர் அலுவலக உதவியாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் நடக்கும். பொறுப்பில்லாவிட்டால் யன்னல் திறந்தபடியே ஏசி ஓடும்.

பெரிய மண்டபம் உள்ளவர்கள் நீர் ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையைக் கேட்கிறார்கள். துல்கிரியவில் 2008இல் திறந்த துருலி ஆடைத் தொழிற்சாலை அதைக் கையாண்டது. கச்சானின் உலர்ந்த பகல்களில் அது இங்கும் வேலை செய்யும். ஆனால் காகிதம் நிறைந்த அலுவலகத்துக்கு ஈரம் ஆகாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழு ஏசி | முழுக் காற்றோட்டம் | கலப்பு |
|---|---|---|---|
| கச்சான் நண்பகல் | சுகம் | கடினம் | ஏசி அறைகளில் சுகம், மற்றவற்றில் சமாளிக்கலாம் |
| மாரிக்காலம் | பூஞ்சணம், வீண் செலவு | சுகம், சாரலுக்குக் காப்பு வேண்டும் | சுகம் |
| மின்வெட்டு | ஜெனரேற்றர் இன்றி முடியாது | இயங்கும் | பெரும்பகுதி இயங்கும் |
| உப்பு | வெளிப்பெட்டிகள் அரியும் | கணினிகள் பாதிக்கும் | இரண்டும், ஆனால் குறைவாக |
| காணி | ஒடுங்கியதும் போதும் | அகலம் வேண்டும் | நடுத்தரம் |
| தேவையான ஒழுங்கு | பராமரிப்பு | வடிவமைப்பு | இரண்டும், கூடவே ஒரு பொறுப்பாளர் |

## மூன்றுக்கும் பொது: கூரையும் சோலாரும்

வெறும் கொங்கிரீட் தட்டு வாங்கும் வெயில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் கழித்து உள்ளே இறங்கும். நண்பகல் வெப்பம் மூன்று மணிக்கு மேல்மாடியில் இருப்பவரின் தலையில் விழுகிறது, அலுவலகம் முடிவதற்கு முன்பே. தட்டுக்கு மேலே இரண்டாவது நிழல் ஒன்று வேண்டும். ஓடாக இருக்கலாம், காற்றோடும் இடைவெளி விட்ட சீற்றாக இருக்கலாம். ஒன்றுமில்லாவிட்டால் வெள்ளைப் பூச்சாவது வேண்டும். பூச்சு மலிவு, ஆனால் ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் பாசி கழுவ வேண்டும்.

"சோலார் போட்டால் எவ்வளவு ஏசியும் போடலாம்தானே?" என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிலோவாற் சோலார் நம் பக்கத்தில் நாளுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும். அலுவலகம் பகலில் இயங்குவதால் பொருத்தமும் நல்லது. ஆனால் பற்றரி இல்லாத சாதாரண இணைப்பு, மின்சார சபையின் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். 2022இல் பலர் அதைக் கூரையைப் பார்த்தபடி அறிந்துகொண்டார்கள். 2025 ஏப்ரல் விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டதும் நடந்தது. மிச்சத்தை விற்று ஏசிக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கை நம்பி இயந்திரங்களை வாங்கிக் குவிக்காதீர்கள். தேவையைக் குறைத்த பிறகு போடும் சோலார் சிறியதாகவும் போதுமானதாகவும் இருக்கும். அதைத் தட்டுக்கு மேலே இடைவெளி விட்டுப் பொருத்தினால் கூரையின் இரண்டாம் நிழலும் அதுவே. சட்டம் அலுமினியமாகவும் ஆணி துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்கட்டும்.

## கட்டாமலே விடுவது

வசதியான இடத்தில் பழைய விறாந்தை வீடு நீண்டகாலக் குத்தகைக்கு வந்தால் அதை முதலில் பாருங்கள். புதுச் சீமெந்தும் கம்பியும் செய்ய எரிக்கும் எரிபொருள் அனைத்தும் மிச்சம். கூரை மரத்தில் கறையான், பழைய வயரிங், சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்தளம் ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். பதினைந்து பேருக்குள் என்றால் இதை வெல்ல வேறு தெரிவு இல்லை.

## காசு போதாவிட்டால்

மதிப்பீடு வந்ததும் எங்காவது வெட்டத்தான் வேண்டியிருக்கும். முதலில் கண்ணாடி முகப்பை வெட்டுங்கள், பிறகு அலங்காரச் சீலிங்கை, பிறகு பெயர்ப்பலகை விளக்குகளை. ஏசிகளை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். கோடை ஒன்றைக் கடந்து பார்த்தால் எந்த அறைக்கு உண்மையில் தேவை என்பது தெரிந்துவிடும், குழாய்க்கும் வயருக்கும் இடம் மட்டும் விட்டுவையுங்கள். சோலாரையும் தள்ளலாம். கூரையின் இரண்டாம் நிழலையும் இறுக்கமாகச் சாத்தும் யன்னலையும் தள்ளக்கூடாது, பிறகு சேர்ப்பதென்றால் இரட்டிப்புச் செலவு. மேற்கில் இரண்டு வேம்பை அத்திவாரம் வெட்டும் நாளிலேயே நட்டுவிடுங்கள், சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி. நகருக்குள் என்றால் நல்ல கம்பிவேலியும் கட்டுங்கள், கோட்டைப் பக்கத்து மான்கள் குருத்தை விட்டுவைக்காது.